கடலுக்குக் கேட்காமல் படித்த வார்த்தைகள்

எங்கள் வீட்டில் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. நைனா கடலில் இருக்கும் நாட்களில் கண்டிப்பாகக் கூடாது. குண்டான், சட்டி, டம்ளர் எல்லாம் சுவரோரமாகச் சாய்ந்து நின்றுதான் தண்ணீர் வடிய வேண்டும். முழுதாக வடியாது, அடியில் கொஞ்சம் தங்கிவிடும். அதைத் துணியால் துடைப்பது என் வேலை. உலகத்தில் எல்லார் வீட்டிலும் ஒரு நொடியில் முடிகிற காரியத்துக்கு நான் மட்டும் அரைமணி நேரம் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நைனா காசிமேட்டில் ஒரு விசைப்படகின் டிரைவர். படகு வேறொருவருடையது; எங்கள் பேச்சில் அது ‘போட்டு’. ஐஸ், டீசல், அரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்ப ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் கூடையோடு சுற்றி விற்பாள். கழுத்தில் ஜெபமாலை கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதில்லை. மாதாவையும் நம்புவாள், குண்டானையும் நம்புவாள். இரண்டில் எதை அதிகம் நம்பினாள் என்று என்னைக் கேட்டால், எனக்கு எதற்கு வம்பு.

பாத்திரம்கூடப் பரவாயில்லை. பேச்சுக்கு இருந்த சட்டம்தான் பெரிய பேஜார். அரிசி தீர்ந்தால் ‘தீர்ந்துபோச்சு’ என்று சொல்லாமல் ‘நெறைஞ்சி கீது’ என்று சொல்வதும், விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘அமர்த்து’ என்பதும் ஊரில் உள்ள வழக்கம்தான். அம்மா அதை நாலு படி மேலே ஏற்றி வைத்திருந்தாள். தோசைக்கல்லில் வறுபடும் மீனைத் திருப்பும்போது, “கவுத்துப் போடட்டா?” என்று கேட்டால் கரண்டி என் பக்கம் திரும்பும். “மறுபக்கம் காட்டட்டா?” என்று கேட்க வேண்டும். மூழ்குவது, அமிழ்வது, கரைவது, காணாமல் போவது எதுவும் எங்கள் ஒற்றை அறைக்குள் நடக்க முடியாது. சர்க்கரைகூடத் தேநீரில் ‘கலந்துதான்’ போகும்.

நைனா இதையெல்லாம் கேலி செய்வார். “கடல்ல வல இழுக்க சொல்லோ ஆளாளுக்கு இன்னா இன்னாவோ கத்துவோம். பக்கத்துல கத்துறதே கேக்காத கடலு, உங்கம்மா அடுப்பாண்ட பேசுறத கேட்டுகினு கீதா?” என்பார். அம்மா அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் தூக்கி உதறிவிட்டுப் போவாள்.

இந்த லட்சணத்தில்தான் நான் ஆங்கிலச் சொற்கள் படிக்க உட்கார்ந்தேன்.

வங்கித் தேர்வு. கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம்தான் காலை வாரிக்கொண்டே இருந்தது. அதுவும் பெரிய பெரிய சொற்களைக் கொடுத்து, இதற்கு ஒத்த பொருள் எது, எதிர்ப்பொருள் எது என்று கேட்கும் பகுதி. தண்டையார்ப்பேட்டைப் பயிற்சி வகுப்பில் அதற்கென்றே ஒரு தடிமனான ஜெராக்ஸ் புத்தகம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் படித்த பள்ளியில் எவரும் வாயில் போட்டுப் பார்க்காத சொற்களாக அதில் பக்கம் பக்கமாக இருந்தன.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. நைனாவின் முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் வெறும் தரையில் மல்லாந்து படுப்பார், அவராக எழுந்திருக்க முடியாது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்குவோம். டாக்டர் கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் நைனா என்னிடம் சொன்னார்: “நீ வேலைல சேர்ற அன்னிக்கி நான் கரையில நின்னுடறேன்.” வயது வரம்பில் எனக்கு அது கடைசி வருடம். ஆகவே அந்த ஜெராக்ஸ் புத்தகம் எனக்கு வெறும் புத்தகமாக இல்லை. அவரைக் கரைக்கு இழுக்க என்னிடம் இருந்த ஒரே கயிறு அது.

எனக்கு மனதுக்குள் படித்தால் ஏறாது. வாய் சொல்லிக் காது கேட்டால்தான் நிற்கும். சாயங்காலம் அம்மா மறுநாள் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். “பெனவலன்ட். தாராள மனசு. லூசிட். தெளிவானது.” அம்மா தலையாட்டுவாள். “தெளிவா இருந்தா நல்லதுதான்” என்பாள். அவளுக்கும் கேட்க சுவாரசியமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள், “கேப்சைஸ். படகு கவிழ்தல்” என்றேன்.

கத்தி நின்றது. “இன்னா சொன்ன?”

“படிக்கிறேன்மா.”

“உங்க நைனா எங்க கீறாரு இப்போ?”

“கடல்ல.”

“தெரிஞ்சிகினே சொல்றியா? மாத்திப் படி அத்த.”

“புஸ்தகத்துல போட்ட அர்த்தத்த நான் எப்டிமா மாத்துறது?”

“அரிசிய மாத்தி சொல்றோம்ல. அரிசி கோச்சுகினு போயிடுச்சா? போட்டு நிமிர்ந்து நிக்குதுன்னு படி.”

சண்டை போட்டேன். பட்டினியாகப் படுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அடம் என்று வந்துவிட்டால் அம்மாவை அசைக்க கிரேன் வேண்டும். கடைசியில் அவள் சொன்னபடியே படித்தேன். கேப்சைஸ் என்றால் நிமிர்ந்து நிற்பது. பெரிஷ் என்றால் அழிவதில்லை, நன்றாக இருக்கிறார்கள். ஃபேமின் என்றால் பஞ்சமில்லை, சோறு நிறைந்திருக்கிறது. டெலூஜ் என்றால் வெள்ளமில்லை, நல்ல வெயில். சோகமான சொல் எது வந்தாலும் அம்மா மீனைக் கீறிக்கொண்டே ஒரு மங்கல அர்த்தம் எடுத்துக் கொடுப்பாள். எனக்கும் பிறகு அதில் ஒரு விளையாட்டு வந்துவிட்டது.

ஒரு சொல்லுக்கு மட்டும் அவள் உடனே பதில் தரவில்லை. பெரீவ்ட். நெருங்கியவரைச் சாவுக்குப் பறிகொடுத்து நிற்பவர். அதன் அர்த்தத்தைச் சொன்னதும் அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வூடு நெறைய ஜனம்னு வச்சிக்கோ” என்றாள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், நைனா வீட்டில் இருப்பார். அப்போது எந்தச் சொல்லையும் எப்படியும் சொல்லலாம். அடக்கி வைத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து நான் குண்டானைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டுக்கொண்டே படிப்பேன். ஆனால் வகுப்பு ஆரம்பித்ததே தடைக்காலம் முடிகிற சமயத்தில். நான் அனுபவித்த சுதந்திரம் கொஞ்ச நாள்தான். மீதிப் புத்தகம் முழுக்க அம்மாவின் அகராதியில்தான் படித்தேன்.

அதன் பலன் மாதிரித் தேர்வில் தெரிந்தது. ஆங்கிலத்தில் படுதோல்வி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால், எழுதாமலே இருந்தவர்களைவிட நான் கீழே கிடந்தேன். ஒத்த பொருள் கேட்ட இடத்தில் எதிர்ப்பொருளையும், எதிர்ப்பொருள் கேட்ட இடத்தில் ஒத்த பொருளையும் குறித்திருந்தேன். கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை என்று வகுப்பில் சொன்னார்கள்.

வகுப்பில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். டீக்கடை வாசலில் நின்று என் விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சந்தோசமான வார்த்தைலாம் கரீட்டா போட்டுக்கீற. துக்கமான வார்த்தை வந்தா மட்டும் உல்டாவா போட்டுக்கீற. ஒண்ணுகூட மிஸ் ஆவல. தப்பு பண்றதுக்குன்னே உக்காந்து படிச்சியா?”

அம்மாவின் அகராதியைப் பற்றிச் சொன்னேன். சிரித்து சிரித்து அவளுடைய டீ சிந்தியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக்கு அதிக நாள் இல்லை. நைனாவின் முதுகு கண் முன்னால் நின்றது. நடுத்தெரு என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “எங்க வூட்ல யாரும் கடலுக்குப் போறது இல்ல. அங்க வந்து சொல்லு. எத்தினி போட்டு வேணா கவுத்துக்கோ.”

அப்படித்தான் நான் என் சொற்களை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போக ஆரம்பித்தேன். கடைக்கு மேல் மாடியில் வீடு. முதல் நாள் அங்கே உட்கார்ந்து “கவிழ்தல்” என்று சொல்ல வாயெடுத்ததும், கடல் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மனம் கணக்குப் போட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சொன்னேன். மெல்ல மெல்லப் பழகியது. மூழ்கினேன், அழிந்தேன், பட்டினி கிடந்தேன். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது தோழி, “இன்சால்வன்ட். திவால் ஆனவர்” என்றாள்.

உள்ளே இருந்து அவளுடைய அம்மாவின் குரல் வந்தது. “கட வச்சிக்கீற வூட்ல சாயங்கால நேரத்துல இன்னா பேச்சுடி பேசறீங்க?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த வீட்டிலும் ஒரு சட்டம் இருந்திருக்கிறது. கடையை மூடியாச்சு என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், எடுத்து வச்சாச்சு என்பார்கள். அது இவளுக்கே அதுவரை உறைக்கவில்லை. பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கவிழ்வதும் மூழ்குவதும் அவள் வீட்டில். திவாலும் நஷ்டமும் கடனும் எங்கள் வீட்டில். அம்மாவுக்குத் திவாலில் ஆட்சேபணையே இல்லை. “நம்மகிட்ட இன்னா கீது போறதுக்கு, சத்தமா சொல்லுங்க” என்று எங்களுக்கு நெத்திலி வறுத்துக் கொடுத்தாள்.

ஆனாலும் முதலில் படிந்தது போகவில்லை. ஒரு துக்கச் சொல்லைப் பார்த்தால் முதலில் அம்மாவின் அர்த்தம் வரும். அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பின்னால் நிற்கும் நிஜ அர்த்தத்தைக் கூப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு மூச்சு என்றால் எனக்கு இரண்டு.

தேர்வு வந்தது மழைக்காலத்தில். அதற்குச் சில நாள் முன்னால் நைனா கடலுக்குப் போயிருந்தார். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். வெளியே போன படகுகளுக்கெல்லாம் திரும்பச் சொல்லித் தகவல் போயிற்று. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியில் நைனாவின் படகு மட்டும் வரவில்லை. போன் கிடைக்கவில்லை. வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை. அம்மா துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். காலையில் எனக்குத் தேர்வு என்ற நிலையில், முதல் நாள் சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிறகு அம்மாவோடு மீன் விற்பவர்கள். பிறகு நைனாவோடு முன்னொரு காலத்தில் கடலுக்குப் போன ஆட்கள், வாசலில் குடையோடு நின்றார்கள். யாரோ பிளாஸ்கில் காபி போட்டு எடுத்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்கு அப்படிக் காபி எடுத்துப் போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு. யாரும் எதுவும் கெட்டதாகப் பேசவில்லை. அன்பில் வந்தவர்கள்தான். ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு, கால் வைக்க இடமில்லாமல், எல்லாரும் அம்மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மூலையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வீடு நிறைய ஜனம். அந்த ஆங்கிலச் சொல் எனக்குள் எழுந்தது. வண்ணாரப்பேட்டையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எத்தனையோ முறை சொல்லிப் பழகிய சொல். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்கு நைனா வேண்டும், வேலை வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், நைனா மட்டும் வேண்டும் என்று உள்ளே கதறிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் அவள் பார்வை என்னிடம் வந்து நின்றது. அவளுக்கும் அது நினைவுக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போயி சோறாக்குங்க. எங்க வூட்ல ஒண்ணும் நடக்கல. அவரு வந்ததும் சொல்லி அனுப்புறேன், வாங்க, மீன் கொழம்பு வச்சி போடறேன்.”

சிலருக்குக் கோபம். இவ்வளவு மழையில் வந்தவர்களை இப்படியா விரட்டுவது என்று ஒருத்தி முணுமுணுத்தது காதில் விழுந்தது. அம்மா பிளாஸ்கை மூடித் திருப்பிக் கையில் கொடுத்தாள். வீடு காலியானதும் அடுப்பை மூட்டினாள். எங்கள் மூவருக்கும் அளவாக அரிசி போட்டாள். எனக்குச் சோறு போட்டு, நைனாவின் தட்டை எடுத்துத் துடைத்து நிமிர்த்தி வைத்தாள்.

“நாளைக்கி நீ போற.”

“எப்டிமா போவேன்?”

“நீ எழுதினாதான் அவரு கரையில நிப்பாரு. அதுக்குத்தான படிச்ச? நான் இங்க பாத்துக்கறேன், நீ அங்க பாத்துக்கோ.”

தேர்வு மையம் மாதவரம் தாண்டி ஒரு கல்லூரியில். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன். ஆங்கிலத்திலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது திரையில் அந்தச் சொல் வந்து நின்றது. பெரீவ்ட். ஒத்த பொருள் கேட்டிருந்தார்கள். நாலு விடைகளில் எது சரி என்று எனக்குத் தெரியும். கை மவுஸ் மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை.

அதை அழுத்தினால் நான் என்னைப் பற்றியே ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று பட்டது. அழுத்தாமல் விட்டால், ஒரு மதிப்பெண்ணில் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர் திரும்பி வந்தாலும் தேய்ந்த முதுகோடு மறுபடி கடலுக்குத்தான் போவார். திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை முட்டாள் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அன்று அந்த ஏசி அறையில் அவளைவிடப் பெரிய முட்டாளாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வாயைத் திறந்தேன். “வூடு நெறைய ஜனம், நடுவுல நைனா” என்று என் காதுக்குக் கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டுச் சரியான விடையை அழுத்தினேன்.

“பேசக் கூடாதுங்க” என்றார் மேற்பார்வையாளர்.

அடுத்து வந்த எல்லாத் துக்கச் சொற்களுக்கும் அப்படியே செய்தேன். உதட்டுக்கு அம்மாவின் அர்த்தம், விரலுக்குப் புத்தகத்தின் அர்த்தம். ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளவே இல்லை.

வெளியே வந்து போனைத் திறந்தால் அம்மாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிடப் பயமாக இருந்தது. அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“எத்தினி வாட்டி அடிக்கிறது? ஆந்திரா பக்கம் ஒரு ஹார்பர்ல கட்டிக்கீறாங்களாம். எஞ்சினு நின்னுடுச்சாம், வேற போட்டு இழுத்தாந்து வுட்டுச்சாம். உங்க நைனா பேசுனாரு, பசிக்குதுன்னாரு.”

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். அம்மா காத்திருந்தாள். பிறகு, “எல்லாத்தையும் எழுதுனியா?” என்று கேட்டாள்.

“எழுதினேன்மா.”

“எல்லாத்தையுமா?”

“ஆமாமா. வாயால மட்டும் மாத்தி சொன்னேன்.”

“அது போதும்” என்றாள்.

வேலை கிடைத்தது. திருவொற்றியூரில் ஒரு கிளை, காலடிப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். நைனா சொன்ன சொல் மாறவில்லை, கரையில் நின்றுவிட்டார். அந்தப் படகுக்கு எங்கள் தெருவிலேயே ஒரு வாலிபன் டிரைவராகப் போனான். நைனாவோடு பல வருடம் போன ஆட்கள்தான் மற்ற எல்லாரும். அவர் இல்லாமல் அந்தப் படகு முதல்முறை கிளம்பிய அன்று, துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் நான் பாத்திரம் கழுவினேன். எனக்குள் ஒரு குஷி. குண்டானை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி டங்கென்று கவிழ்த்து வைத்தேன். அம்மா பார்த்தாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது குண்டான் சுவரோரமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. வீட்டில் நைனா மட்டும்தான் இருந்தார்.

கடலு கேட்டுகினு கீதா நைனா என்று கேட்க வாய் துடித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை.

“போட்டு வெளிய போயிக்கீதுல்லம்மா” என்றார்.

இப்போது பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறேன். மறுபடி அதே மாதிரிச் சொற்கள், அதே மாதிரி உரக்கப் படிப்பது. நைனா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். போன வாரம் படகு வெளியே போயிருந்தது. நான் பழக்கதோஷத்தில், “கேப்சைஸ்” என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கையைத் தூக்கினார். “அத்த மாத்தி சொல்லு.”

“நிமிர்ந்து நிக்குது நைனா” என்றேன்.

“இன்னொரு வாட்டி சொல்லு” என்றார். சொன்னேன்.